இரண்டாவது கச்சேரி

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன கிராமம். 250 வீடு இருக்கும். பதினொரு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. சின்ன வயதில் எங்கள் ஊர் அரசமரத்தடியில் விடிய விடியக் கூத்து பார்த்திருக்கிறோம். கூத்து எப்போதோ நின்றுவிட்டது. 2018 கஜா புயலில் அந்த மரமும் போய்விட்டது. ஊரிலிருந்து இங்கே வந்திருக்கும் இருபது பேர் சேர்ந்து, பௌர்ணமிதோறும் ஊரில் ஒரு கச்சேரி நடத்தலாம் என்று பேசி ஐந்து லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். கோயில் வாசலில் பெரிய மேடை போட்டு, சென்னையிலிருந்து மெல்லிசைக் குழுவை இறக்கி, பெரிய மனிதர்களை அழைத்துத் தொடங்கினால்தான் ஊர் பேசும் என்கிறார்கள் நண்பர்கள். கையிருப்பில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே ஈசூனில் மாதாமாதம் கச்சேரி நடத்தியவர் நீங்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

மு., துவாஸ்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். ஐந்து லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 41,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒரு ராத்திரியில் முக்கால்வாசி தீர்கிற பணம் ஒரு வருஷத்துக்கு வரும். நண்பர்களிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

தொடக்க விழாவுக்குக் கூட்டம் வரும், அதில் சந்தேகமே இல்லை. வந்தவர்கள் பாட்டுக்கு வந்தார்களா வேடிக்கைக்கு வந்தார்களா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். ஈசூனில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் முதல் மாதம் குத்துவிளக்கு, பொன்னாடை, நான்கு பேர் பேச்சு என்று 150 பேர் கூடினார்கள். இரண்டாம் மாதம் பதினான்கு பேர். அதில் ஆறு பேர் பாடிய பெண்ணின் வீட்டார். அன்று நாற்காலிகளை அடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. லிப்ட் வாசலில் நின்றபடியே கடைசிவரை கேட்டிருந்த எட்டாம் மாடிச் சீனப் பாட்டி, என்னிடம் வந்து மலாயில் "பீலா லாகி?" என்றார். மறுபடி எப்போது என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்றாம் மாதம் நடத்தினோம். அதன் பிறகு நான்கு வருஷம் நிற்கவில்லை.

அதனால், முதல் கச்சேரியை அறிவிப்பதற்கு முன்பே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கலைஞர்களைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் கச்சேரி முடிந்ததும், "அடுத்த மாதம் இன்ன தேதி, இன்னார்" என்று ஒரு பையன் எழுந்து சொல்ல வேண்டும். தொடக்க விழாவே வேண்டாம். ஊர் பேசுவதற்கு ஆறு மாதம் ஆகட்டும்.

பௌர்ணமி கேட்க அழகாக இருக்கிறது. நிலவொளி, காலண்டர் பார்க்காமலே எல்லோருக்கும் நினைவிருக்கும் நாள். ஆனால் தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் எல்லாம் அதை ஒட்டித்தானே வருகின்றன? நாதஸ்வரமும் தவிலும் அன்றைக்குக் கோயில்களில் இருக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலையும் கிடைக்க மாட்டார்கள், மாப்பிள்ளை அழைப்பு இருக்கும். செவ்வாயும் சனியும் நம் பக்கம் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் ஓய்வாக இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கும் மறுநாள் விடுமுறை. மாதத்தின் முதல் வெள்ளி என்று வையுங்கள். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். விடிய விடியக் கூத்து பார்த்த ஊர்தான், இருந்தாலும் இரண்டு மணி நேரம் போதும். கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணம் என்கிற தொடக்கப் பாட்டில் தொடங்கி, உருப்படிகளைச் சுருக்கமாகக் கோத்து, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று வகுத்துக்கொண்டது கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த வரிசைதான் இன்றைக்கும் மேடைகளில் நிற்கிறது.

இனி இடம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கோயில் வாசல் வேண்டாம், தம்பி. உங்கள் ஊரில் காலனித் தெரு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும். கோயில் வாசலில் மேடை போட்டால் அந்தத் தெருக்காரர்கள் எங்கே நின்று கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி மைதானத்தைக் கேளுங்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே சேர்ந்து உட்காரும் இடம் அது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் அம்மாக்களும் வந்து உட்காருவார்கள். எல்லோருக்கும் ஜமக்காளம், முட்டி வலி உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி. முன்வரிசை என்று யாருக்கும் தனியாக ஒதுக்காதீர்கள், பணம் கொடுத்த உங்கள் இருபது பேரின் வீட்டாருக்கும் கூடாது.

மேடையிலும் அப்படித்தான். உங்கள் ஊரில் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி வரவேற்புக்கு அடிக்கச் சொல்லிவிட்டு, மேடையில் வேறு யாரையோ உட்கார வைப்பதை நிறைய ஊர்களில் பார்த்துவிட்டேன். மனசு ஆறவே இல்லை. ஒரு மாதம் முழுக்க அவர்களுடைய கச்சேரியாக இருக்கட்டும். அதே மேடை, அதே விரிப்பு, வெளியூர் வித்வானுக்குக் கொடுக்கும் அதே சம்பளம். நடவுப் பாட்டு தெரிந்த பெண்களுக்கு ஒரு மாதம் கொடுங்கள். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே இடத்தில் கேட்டன. மீனவக் குப்பத்தில் முடிந்தது உங்கள் ஊரில் முடியாதா?

முதல் கச்சேரிக்கு நாதஸ்வரம் வையுங்கள். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம், மைக் கேட்காது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண் உங்களுடையது. அப்படியும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற அவசரத்தில்தான் கேட்டிருப்பார்கள். அவர்களை அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி மேடையருகே உட்கார வையுங்கள். வாத்தியத்தில் கயிறு கட்டித் தொங்கும் சீவாளிகளில், அதாவது ஊதுகிற முனைகளில், ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, பிடிக்காமல் அடுத்ததை எடுப்பார் வித்வான். தவில்காரர் வலது கை விரல்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடு மாட்டிக்கொண்டு தொப்பி என்கிற இடது பக்கம் குச்சியால் ஒரு தட்டுத் தட்டுவார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை அப்புறம் எழுந்து போகாது.

வாய்ப்பாட்டு வைக்கும் மாதம் ஒலிபெருக்கி சின்னதாக இருக்கட்டும். ஈசூனில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மைக் செட் தாழ்வான கான்கிரீட் கூரையில் மோதி மிருதங்கத்தையும் குரலையும் கூழாக்கியது. மூன்றாம் மாதம் மைக்கை எடுத்துவிட்டு எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொன்னோம், சாகித்தியம், பாட்டின் சொற்கள், முழுக்கக் காதில் விழுந்தது. உங்கள் மைதானத்தில் சிக்கல் வேறு, குரல் வெளியில் கரைந்துபோகும். பள்ளிக்கூடச் சுவர் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேடையைப் போடுங்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். இரவு பத்துக்கு மேல் சட்டப்படியே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளித் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஐம்பது பேர் வந்தாலும் சரி. மழையைச் சொல்லி ஒரு மாதம் விட்டால் அடுத்த மாதம் அறுவடையைச் சொல்லி விடத் தோன்றும்.

கலைஞர்கள் மேடை ஏறுவதற்கு முன்பே சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கச்சேரி முடிந்து, விளக்கணைத்து, பொருளாளரைத் தேடிக்கொண்டு நிற்கிற வித்வானைப் பார்த்தவள் நான்.

அங்கே ஏழரை என்றால் இங்கே பத்து. வேலை முடிந்து குளித்துவிட்டு நீங்கள் இருபது பேரும் தங்கும் விடுதியில் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கச்சேரியை நேரலையில் பார்க்கலாம். பார்க்கிறபோது யாருக்கும் நன்றி சொல்லச் சொல்லி ஊருக்குப் போன் போடாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். முதல் கச்சேரிக்கு நான் வரவில்லை. இரண்டாவதுக்குத் திருச்சிக்கு டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா