டியூஷனா, ரீல்ஸா? பாம்பன் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 27, ஊர் பாம்பன். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் 14,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். இரவில் 12 பேருக்கு ஆன்லைனில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறேன். ஒருவருக்கு மாதம் 700 ரூபாய். இன்ஸ்டாகிராமில் எங்கள் கடல், பாலம், மீன் ஏலம் பற்றி ரீல்ஸ் போடுகிறேன். 23,000 பேர் பின்தொடர்கிறார்கள், ஒரு ரீல் 4 லட்சம் பார்வை போனது. இந்த ஒரு வருடத்தில் ஒரு கருவாட்டுக் கடை 3,000 ரூபாய் கொடுத்தது, ஒரு விடுதி இரண்டு நாள் இலவசமாகத் தங்க வைத்தது. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். கையில் 1,20,000 ரூபாய் இருக்கிறது. அம்மாவின் நகை 60,000 ரூபாய்க்கு அடகில், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. பள்ளி வேலையை விட்டுவிட்டு ஒன்றில் முழுதாக இறங்க ஆசை. கோச்சிங்கா, இன்ஃப்ளூயன்சரா? 90,000 ரூபாய் கேமரா ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, கேமரா வேண்டாம். 4 லட்சம் பேர் பார்த்த ரீலை நீங்கள் போனில்தான் எடுத்தீர்கள். மாதத் தவணை என்பது வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் போகிற காசு. அதை இப்போது தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இனி பெரிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் வருமானம் கடல் பாட்டை, அதாவது அன்றன்று வலையில் விழும் மீனைப் பொறுத்தது. டீசல், ஐஸ் எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. காற்று எச்சரிக்கை வந்தால் படகு கரையில் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. ரீல்ஸ் வருமானத்துக்கும் இதே குணம்தான். ஒன்று ஓடும், அடுத்த இருபது ஓடாது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேரும் பாடு பார்த்துச் சாப்பிட முடியாது என்பதுதான் என் முதல் கவலை.

பார்வையும் பணமும் வேறு வேறு. இன்ஸ்டாகிராமில் பணம் பெரும்பாலும் கடைக்காரரும் விடுதிக்காரரும் கொடுத்தால்தான் வரும். விளம்பரத்தில் பங்கு வேண்டுமென்றால் யூடியூபுக்குப் போக வேண்டும். அங்கே 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வையோ வேண்டும். அதன் பிறகு நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் உங்களுக்கு 55 சதவீதம். எட்ட முடியாத இலக்கு இல்லை, ஆனால் அடுத்த மாத அரிசிக்கு உதவாது. இந்த வருடம் ரீல்ஸ் தந்தது 3,000. டியூஷன் பத்து மாதத்தில் தருவது 84,000.

பத்து மாதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். டியூஷனுக்கும் ஒரு தடைக்காலம் உண்டு, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று தோன்றுகிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள். அடுத்த அணி ஜூனில் பள்ளி திறந்த பிறகுதான் வரும். அப்பாவின் படகு நிற்கிற அதே ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கட்டணமும் நின்றுவிடும். இப்போது பள்ளிச் சம்பளம் அந்தப் பள்ளத்தை மூடுகிறது. அதை விட்டால் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் மட்டும்தான் மிஞ்சும்.

இதே கணக்கைப் போட்டால் வேலையை எப்போது விடலாம் என்பதும் தெரிந்துவிடும். சம்பளம் வருடத்துக்கு 1,68,000, டியூஷன் 84,000, ஆக 2,52,000. டியூஷனில் மட்டும் இது வர, பத்து மாதத்துக்கு 36 மாணவர்கள் வேண்டும். இன்று 12 பேர். எனவே இந்தக் கல்வியாண்டு முழுதும் வேலையில் இருங்கள். எண்ணிக்கை 36-ஐத் தொட்டு, நான்கு மாதம் அப்படியே நின்றால், ஆண்டு முடிவில் விலகலாம். நடு ஆண்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வராதீர்கள். தனி டியூஷனுக்குப் பள்ளி ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்றும் இப்போதே படித்துப் பாருங்கள்.

மாணவர்களைப் பாம்பனில் மட்டும் தேட வேண்டியதில்லை. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் அப்பா வளைகுடாவில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மாலையில் பெண் பிள்ளையை வெளியே அனுப்பாமல் வீட்டிலேயே நல்ல கணக்கு டீச்சர் கிடைத்தால், மாதக் கட்டணம் தாமதமில்லாமல் வரும். இதற்குத்தான் வீடியோவைப் பயன்படுத்துங்கள். ஆனால் கடல் ரீல்ஸ் பக்கத்தில் தொகையீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். பாலம் பார்க்க வந்தவர்கள் பிளஸ் டூ பெற்றோர் இல்லை. கணக்குக்குத் தமிழில் தனி யூடியூப் சேனல் தொடங்குங்கள். வாரம் இரண்டு வீடியோ போதும்.

கடல் பக்கத்தையும் விடச் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் வரும், விடுதிகளும் அப்போது விளம்பரம் தேடும். டியூஷனும் படகும் நிற்கிற நேரத்தில் அதில் ஒரு வரவு வருவது நல்லதுதானே? காசோ இலவசத் தங்கலோ வாங்கியிருந்தால், அது விளம்பரம் என்று பதிவிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து ஏமாற்றினால் நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பெற்றால் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால், புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இன்னொன்று, கடல் அட்டையையோ கடல் குதிரையையோ கையில் வைத்துப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. ஆயிரம் லைக்குக்காக வழக்கு வாங்கியவராகிவிடக் கூடாது.

கையிருப்பில் 60,000 எடுத்து முதலில் நகையை மீட்டுவிடுங்கள். மாதம் 900 ரூபாய் வட்டி மிச்சம். நகை வீட்டில் இருந்தால் அதுவே அவசர நிதி. தேவைப்பட்டால் அடகுக் கடையை விடக் குறைந்த வட்டிக்கு வங்கியில் வைக்கலாம். மீதி 60,000-ல் ஒரு சிறிய இன்வெர்ட்டர், எழுதும் பேட், நல்ல மைக், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று வாங்குங்கள். வாடைக்காற்று மாதங்களில் தீவில் கரண்ட் போனால், வகுப்பும் போகும், பெற்றோர் நம்பிக்கையும் போகும். எஞ்சியது தடைக்காலச் செலவுக்கு. அதோடு மிச்சமான 900-த்தையும் மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

அப்புறம், பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகளுக்கு மே மாதம் நான்கு வார முன்தயாரிப்பு வகுப்பு ஒன்றை அறிவியுங்கள். ஏப்ரல் 15-க்குள் பதிவை முடித்துவிடுங்கள். படகில் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தக் கட்டணத்தை ஜூலையில் வாங்கிக்கொள்ளலாம்.