நகர எல்லைக்குள் ஒரு சொந்த வீடு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிகாகோ மாநகராட்சியின் நீர் மேலாண்மைத் துறையில் நான்கு ஆண்டுகளாகப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். நகர ஊழியர் நகர எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறோம். நண்பர்கள் எல்லாரும் நகர எல்லைக்கு வெளியே நேப்பர்வில், அரோரா பக்கம் வீடு வாங்கிவிட்டார்கள். மனைவியின் பெயரில் நேப்பர்வில்லில் வீட்டை வாங்கிக்கொண்டு, நகரத்துக்குள் ஓர் ஒற்றை அறையை என் பெயரில் வாடகைக்கு எடுத்து முகவரி காட்டினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். இது சரிவருமா? இல்லையென்றால், என் ஒருவன் சம்பளத்தில் சிகாகோவுக்குள் வீடு வாங்க வழி உண்டா?

பதில்: சரிவராது. இந்த யோசனையைச் சொல்பவர்கள் பலரை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட நகர ஊழியர் இல்லை.

ஊழியர் நகரத்தில் உண்மையாகவே குடியிருக்க வேண்டும், மீறினால் பணிநீக்கம் என்று மாநகராட்சிச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அந்த ‘உண்மையாகவே’ என்ற சொல்லை ஒரு வாடகை ரசீதைக் காட்டித் தாண்டிவிட முடியாது. புகார் போனால், மாநகராட்சியில் நடக்கும் முறைகேடுகளைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரிக்கும். இரவில் உங்கள் கார் எங்கே நிற்கிறது, மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற கேள்விகள் எழும்போது, மாதம் முழுவதும் விளக்கே எரியாத ஓர் அறையின் மின்கட்டண ரசீது உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். இது போதாதென்று, நேப்பர்வில் வீட்டுக்கடனில் நீங்களும் சேர்ந்து, அதுவே முதன்மைக் குடியிருப்பு என்று வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நகரத்திடம் ஒன்றும் வங்கியிடம் வேறொன்றும் சொன்னவர் ஆகிறீர்கள். கடன் படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டரசுக் குற்றம்.

நீதிமன்றத்தை நம்பவும் இடமில்லை. பிலடெல்ஃபியாவில் 16 ஆண்டுகள் பணியாற்றிய ஒரு தீயணைப்பு வீரர், குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்ததால் வேலையை இழந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். இத்தகைய விதியை நகரங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1976-இல் தீர்ப்பு வந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். நேப்பர்வில்லில் இருப்பதுபோன்ற தனி வீட்டைச் சிகாகோவுக்குள் தேடினால், வடமேற்கு ஓரத்து எடிசன் பார்க்கையும் தென்மேற்கு ஓரத்து மவுன்ட் கிரீன்வுட்டையும்தான் காட்டுவார்கள். காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் தலைமுறைகளாகக் குடியேறிய, எல்லைக்கோட்டை ஒட்டிய பகுதிகள் அவை. நல்ல இடங்கள்தாம். ஆனால் உங்களைப் போன்ற எல்லா நகர ஊழியர்களும் அங்கேதான் போட்டி போடுகிறார்கள். ஒரு சம்பளக் குடும்பத்துக்கு நான் சொல்வது டூ-ஃபிளாட்: கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, பின்பக்கம் மரப்படிக்கட்டு என்று இந்த நகரத்துக்கே உரிய செங்கல் கட்டடம். ஒன்றில் நீங்கள் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடலாம். ஆரஞ்சு ரயில்பாதையை ஒட்டிய மெக்கின்லி பார்க், பிரைட்டன் பார்க் ஆகிய இடங்களில் இவை தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கிருந்து நகர மையத்துக்கு நேராக ரயிலில் போய்விடலாம்.

இதன் பலன் கடன் கணக்கிலேயே தெரியும். மேல்வீட்டுக்கு 1,600 டாலர் வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் 75 சதவீதத்தை, அதாவது 1,200 டாலரை, உங்கள் மாத வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிட வங்கிக்கு விதி இடம் தருகிறது. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு தரும் எஃப்.ஹெச்.ஏ. கடனில், கிரெடிட் ஸ்கோர் 580-க்குக் குறையாமல் இருந்தால், முன்பணம் 3.5 சதவீதம். 3,50,000 டாலர் கட்டடத்துக்கு அது 12,250 டாலர். அரசுக் காப்பீடு இல்லாத மரபான கடனிலும், உரிமையாளரே குடியிருக்கும் இரண்டு வீட்டுக் கட்டடத்துக்கு 2023 நவம்பரிலிருந்து, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 5 சதவீத முன்பணத்தை ஏற்கிறது. கையில் அந்த 5 சதவீதம் இருந்தால் நான் மரபான கடனையே தேர்ந்தெடுப்பேன். காரணம், 10 சதவீதத்துக்குக் குறைவான முன்பணத்தோடு வாங்கும் எஃப்.ஹெச்.ஏ. கடனில், கடனுக்கான காப்பீட்டுக் கட்டணம் கடன் முடியும் வரை உங்களை விடாது. இரண்டிலும் குறைந்தது ஓராண்டு நீங்களே அங்கே குடியிருக்க வேண்டும். நகர விதி உங்களிடம் எப்படியும் அதைத்தான் கேட்கிறது.

பலர் இடறுவது வேறு இடத்தில். வங்கி பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை. ஆனால் நகர ஊழியருக்குச் சோஷியல் செக்யூரிட்டி என்ற கூட்டரசு ஓய்வூதியத் திட்டத்துக்கான பிடித்தம் இல்லாததால், அதற்கு ஈடாக ஓய்வூதிய நிதிக்கு 8.5 சதவீதத்துக்குக் குறையாத தொகை போய்விடுகிறது. பிற்காலத்தில் சேர்ந்தவர்களுக்கு அது இன்னும் கூடுதலாக இருக்கலாம். ஆகவே வங்கி தரத் தயாராக இருக்கும் தொகையை விட்டுவிட்டு, கைக்கு வரும் சம்பளத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். சொத்து வரி ரசீதையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விற்பவர் முதியவராக இருந்தால் அவருக்குரிய வரிச் சலுகைகள் கழிந்த தொகைதான் அதில் இருக்கும். நீங்கள் வாங்கிய பிறகு அந்தச் சலுகைகள் போய், வரி எகிறும். குடியிருக்கும் உரிமையாளருக்கான விலக்கு மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும், அதற்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றோடு, சிகாகோவில் வீடு வாங்குபவர் ஒவ்வொரு 500 டாலருக்கும் 3.75 டாலர் சொத்துமாற்று வரி கட்டுகிறார். 3,50,000-க்கு அது 2,625 டாலர். முன்பணத்துக்கு மேல் இதையும் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையை ரசிப்பதற்கு முன் நிலவறைக்கு இறங்குங்கள். அங்கே கேஸ் மீட்டரும் மின் மீட்டரும் இரண்டிரண்டாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் மேல்வீட்டுக்காரரின் குளிர்காலக் கட்டணமும் உங்கள் தலையில்தான். சுவரின் அடிப்பகுதியில், கணுக்கால் உயரத்தில், கோடு போட்டதுபோல் நீர்க்கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் நகரம் இது; பெருமழையில் அந்த நீர் நிலவறைக்குள் ஏறும். 1986 வரை ஈயக் குழாயே கட்டாயமாக இருந்த ஊரில் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் என்ன உலோகம் என்றும் பார்க்கச் சொல்லலாம்தான். நீர்த் துறைக்காரரான உங்களிடம் அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகிவிடும்.

வாடகைக்காரரோடு ஒரே கட்டடத்தில் வாழ்வதற்கு உங்கள் மனைவி தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானதே. உரிமையாளரே குடியிருக்கும், ஆறு வீடுகளுக்கு மிகாத கட்டடங்களுக்கு மாநகராட்சியின் வாடகைச் சட்டம் பொருந்தாது என்பதால் சட்டச் சிக்கல் குறையும். மேலே குழந்தைகள் ஓடும் சத்தத்துக்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை.

கேள்வி: நான் சிகாகோ அரசுப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர்களுக்குப் பாதி விலையில் வீடு கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். கூட்டரசு வீட்டுவசதித் துறையான ஹட் நடத்தும் ‘குட் நெய்பர் நெக்ஸ்ட் டோர்’ திட்டத்தில் ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ ஊழியர் ஆகியோருக்குப் பட்டியல் விலையில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. தள்ளுபடித் தொகைக்கு வட்டியும் தவணையும் இல்லாத இரண்டாம் அடமானம் எழுதுவார்கள். 36 மாதம் அதே வீட்டில் குடியிருந்தால் அது ரத்தாகும். நீங்கள் கற்பிக்கும் பள்ளி, வீடு இருக்கும் பகுதிப் பிள்ளைகளுக்கானதாக இருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் உங்களுக்குச் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. ஹட் வசம் வந்து, அது குறித்துள்ள மறுசீரமைப்புப் பகுதிகளில் இருக்கும் வீடுகள் மட்டுமே பட்டியலில் வருவதால் தேர்வு மிகக் குறைவு. இருக்கிற நிலையிலேயே விற்பார்கள் என்பதால், ரிப்பேர் செலவைக் கணக்கிடாமல் பாதி விலை என்ற சொல்லில் மயங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மில்வாக்கியில் இந்தக் குடியிருப்பு விதியை எடுத்துவிட்டார்களாமே. சிகாகோவிலும் எடுக்கும் வரை வீடு வாங்காமல் காத்திருக்கலாமா?

பதில்: மில்வாக்கியில் அதை எடுத்தது நகரம் இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 2013-இல் சட்டம் போட்டு விதியை நீக்கியது, மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் அதை ஏற்றது. ஒஹையோ 2006-லும், மிச்சிகன் அதற்கு முன்பே 1999-லும் மாநிலச் சட்டத்தின் வழியாகவே இப்படிச் செய்தன. இலினாயில் நிலைமை தலைகீழ். காவலர், தீயணைப்பு வீரர் சங்கங்களின் ஒப்பந்தத் தகராறில் குடியிருப்பு விதியைப் பற்றி நடுவர் தீர்ப்புச் சொல்லலாம் என்று ஏற்கும் மாநிலச் சட்டம், 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட நகரம் சிகாகோ ஒன்றுதான். சங்க பலம் மிக்க காவலர்களுக்கே அந்தக் கதவு மூடியிருக்கும்போது, அதை நம்பி நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.