அம்பாசடர் எம்பிக் குதிக்குமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1967 அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடுகிறது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் சைலன்சர் இடிக்கிறது. அமெரிக்காவில் பழைய இம்பாலா காரை சுவிட்சைத் தட்டி ஏற்றி இறக்குவதை மொபைலில் பார்த்தேன். டிப்பர் லாரி பம்பை வைத்து நானும் செய்யலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: டிப்பர் பம்ப் என்றதுமே உங்களைப் பிடித்துப்போனது. காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்ட ஆசைப்பட்ட அந்த அமெரிக்கர்களும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். கலிபோர்னியாவில் காரின் உடம்பு சக்கர ரிம்முக்குக் கீழே தொங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ரான் அகிர்ரே என்பவர் 1959-ல் தன் 1957 கார்வெட் காரில் பழைய விமான பம்பை மாட்டினார். போலீஸ் வந்தால் தூக்கு, போனதும் இறக்கு! பின்னால் வந்தவர்கள் லாரியின் பின்கதவைத் தூக்கும் பம்புக்கு மாறினார்கள்.

ஆனால் 1964 இம்பாலாவுக்குத் தனி சேஸிஸ், அதாவது உடம்பைத் தாங்கும் இரும்புச் சட்டம் உண்டு. நாலு சக்கரத்திலும் காயில் ஸ்பிரிங். காயிலோடு சேர்த்து ஒரு சிலிண்டரை நிறுத்தி எண்ணெயை அழுத்தினால் அது சேஸிஸைத் தூக்கும். உங்கள் வண்டிக்கு சேஸிஸ் கிடையாது தம்பி. தரைத் தகடும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைத்த கூடு. முன்னால் காயிலே இல்லை, முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற இரும்புக் கம்பி. பின்னால் லீஃப் பிளேட்தான் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடித்திருக்கிறது. சிலிண்டர் எதை முட்டி நிற்கும்?

ஒருவர் எங்கோ டிக்கித் தரையில் வெல்டிங் வைத்து சிலிண்டர் மாட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். தரை புடைத்து, பின்கதவு சாத்தவில்லை. பம்பை ஓட்ட டிக்கியில் நாலு பேட்டரி வேறு. இன்னொரு ஆளை ஏற்றிய கனம். சைலன்சர் முன்னைவிட நன்றாகவே இடித்தது!

எண்ணெய் அமுங்காது என்பதையும் மறக்கக் கூடாது. 1955-ல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் சக்கரத்துக்கு ஓர் இரும்பு உருண்டை. உள்ளே சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். அந்த வாயுதான் அங்கே ஸ்பிரிங். அது இல்லாமல் வெறும் எண்ணெயில் நிறுத்தினால் பள்ளம் முழுக்க உங்கள் முதுகுக்குத்தான்.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும்போது என்ன சொல்வீர்கள்?

உங்கள் நோய் சின்னது. பின் பிளேட் படுத்திருக்கும். கழற்றி, உடைந்ததை மாற்றி, மீதியை வளைவு தட்டிக்கொள்ளுங்கள். ஷேக்கிள் புஷ் (பிளேட்டின் முனையை வண்டியோடு இணைக்கும் இடத்து ரப்பர்), சைலன்சர் தொங்கும் ரப்பர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஷேக்கிள் போல்ட்டின் கடைசி முறுக்கை மட்டும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது வைக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.