கேள்வி–பதில்: ஆய்வகத்தை விட்டுப் பத்து நாள்

கேள்வி: மதுரையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்வேதியியல் துறையில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த) ஆய்வாளராக இருக்கிறேன். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பதினான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. ஆய்வாளர்களின் தொழில் வளர்ச்சிக்கென ஆண்டுக்கு 10 நாள் தர வேண்டும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டால், வேலையில் ஈடுபாடு இல்லாதவள் என்று ஆய்வுக்குழுத் தலைவர் நினைத்துவிடுவாரோ என அஞ்சுகிறேன். கேட்பது முறைதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முறைதான், தயங்காமல் கேளுங்கள். பிரிட்டனில் ஒப்பந்த ஆய்வாளர்களின் நிலையைச் சீர்படுத்துவதற்காக 1996இல் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 2008இலும் 2019இலும் புதுப்பிக்கப்பட்ட அதை அங்கே ‘கான்கார்டாட்’ என்றே அழைக்கிறார்கள். பல்கலைக்கழகம், நிதி வழங்கும் அமைப்பு, ஆய்வுக்குழுத் தலைவர், ஆய்வாளர் என நால்வருக்கும் அது கடமைகளை வகுத்திருக்கிறது. முழுநேரப் பணியில் இருப்பவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள், பகுதிநேரத்தவருக்கு அந்த விகிதத்தில், தொழில் வளர்ச்சிக்கென ஒதுக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு வடிவத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. அந்த நாள்களைத் தருவது தலைவரின் கடமை. பயன்படுத்துவது உங்கள் கடமை. ஆகவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை.

ஆனால் இது சட்டம் அன்று. நிறுவனங்கள் தாமாக முன்வந்து கையொப்பமிடும் உறுதிமொழி. உங்கள் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இட்டிருந்தால், அதன் செயல்திட்டத்தைப் பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுப் பேசப் போனால் உங்கள் குரலில் தயக்கம் குறைந்திருக்கும்.

நானும் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தவள் என்பதால் உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஒரு முறை, ஆய்வுக்கு நிதி கேட்கும் மானிய விண்ணப்பம் எழுதும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். முந்தைய நாள் மாலை, மைக்ரோஸ்கோப் முன்பதிவுத் தாளில் மறுநாள் காலை பத்து மணிக் கட்டம் காலியானது. என் பெயரை அதில் எழுதிவிட்டுப் பயிற்சியைக் கைவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்று எடுத்த படங்கள் எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை. மானிய விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் தடுமாறினேன். உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனவே ‘பயிற்சிக்குப் போகலாமா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பயிற்சி, அன்று நீங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தலைவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்களுடன் தொழில் வளர்ச்சி குறித்து அமர்ந்து பேச வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் உள்ளது. பதினான்கு மாதங்களில் அது நடக்கவில்லை என்றால், அதற்கும் ஒரு நாளைக் குறித்துத் தரும்படி கேளுங்கள்.

பத்து நாளையும் ஆய்வக நுட்பங்களுக்கே செலவழித்துவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோரில் நூற்றுக்கு 3 அல்லது 4 பேரே பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியை அடைகிறார்கள் என்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. பேராசிரியர் ஆகிறவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தக் கணக்கைக் கண்டு மனம் தளராமல், சில நாள்களையாவது மருந்து நிறுவனங்கள், ஆய்விதழ்கள், அறிவியல் கொள்கை போன்ற துறைகளில் இருப்பவர்களைச் சந்திப்பதற்கு வையுங்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசகர்கள் மாணவர்களுக்கு மட்டுமே உரியவர்கள் என்று எண்ணிப் பல ஆய்வாளர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றியும் ஒரு சொல். ஒப்பந்தப் பணியாளர்களுக்கான பிரிட்டனின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து நான்கு ஆண்டுகளைக் கடந்தவர், தக்க காரணம் காட்டப்படாவிட்டால், நிரந்தரப் பணியாளராகவே கருதப்படுவார். சம்பளம் வரும் ஆய்வு மானியம் தீர்ந்தால் அப்பணியும் போகலாம் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. உங்களுக்கு மீதமிருப்பது பத்து மாதம். விசாவும் இந்த வேலையைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். பெரிய ஃபெலோஷிப்புகளுக்கு (ஆய்வாளரின் பெயரிலேயே தரப்படும் ஆய்வு நிதி) பல பல்கலைக்கழகங்கள் உள்ளேயே முன்தேர்வு நடத்துவதால், வெளியே அறிவிக்கப்படும் கடைசித் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே அந்தக் கதவு மூடிவிடும். முன்தேர்வுத் தேதியை ஆய்வு அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டறிந்து, விண்ணப்பம் எழுதுவதற்கென்று அந்தப் பத்து நாளில் முதல் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.