கேள்வி பதில்: மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கவனிப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரக் கால்நடை மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ் உதவியாளர்களுக்கு மூத்த செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

வேலந்தாவளம்: அக்கா, சைலசின், கெட்டமின் என்ற மயக்க ஊசிகள் போட்ட நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கிறது. மயக்கம் போதவில்லையா?

கெட்டமினில் கண் மூடாது, தொட்டால் இமைக்கவும் செய்யும். அதனால் கண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். மருத்துவர் கீறும்போது துடிப்பும் மூச்சும் சட்டென்று கூடுகின்றனவா என்று பாருங்கள். கருவிழி காயாமல் இருக்கக் கண் களிம்பு போட மறக்கவே கூடாது.

மூச்சு வழியே கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் வேறு மாதிரி. சரியான ஆழத்தில் விழி கீழ்நோக்கி உள்பக்கம் சுழன்றிருக்கும். அது நடுவுக்கு வந்து, இமைப்பும் இல்லாமல் தாடையும் தொளதொளத்துவிட்டால் ஆழம் மிஞ்சிவிட்டது. உடனே மருத்துவரிடம் உரக்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: நாக்கில் மாட்டி ரத்த ஆக்சிஜனைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 86 காட்டினால்?

முதலில் நாயைப் பாருங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா, மூச்சுக்குழாயில் செருகிய குழாய் இடத்தில் இருக்கிறதா, ஆக்சிஜன் வருகிறதா, தொடையில் நாடி கிடைக்கிறதா? எல்லாம் சரியென்றால் நாக்கை ஈரமாக்கி, கிளிப்பை இடம் மாற்றுங்கள். நாக்கு காய்ந்தாலும், சைலசினால் ரத்தக்குழாய் சுருங்கினாலும் எண் இறங்கும். ஆனால் ஈறு சிவந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்காதீர்கள். 95க்கு மேல் வேண்டும். 90க்குக் கீழே போனால், கருவியின் பிழை என்று உறுதியாகும்வரை அது ஆபத்துதான்.

இன்னொன்று: ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு குறைந்துபோனாலும் எண் 98இலேயே நிற்கும். ஆகவே மூச்சைக் கண்ணால் எண்ணி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்.

மீனாட்சிபுரம்: இந்த வெயிலில் உடல் குளிருமா?

குளிரும். மயங்கிய உடலால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. மயிர் மழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்திருக்கிறோம். தை மாதக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வந்தால் கேட்கவே வேண்டாம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றியே வையுங்கள், சுட்டாலும் மயங்கிய விலங்கு நகராது.

கொல்லங்கோடு: ஆட்டுக்கும் இதேதானா?

ஆடு சைலசினை நாய்போலத் தாங்காது. ஊசியில் ஏற்றுமுன் அளவை மருத்துவரிடம் வாய்விட்டு உறுதி செய்யுங்கள். உமிழ்நீரும் இரைப்பை நீரும் வெளியே வடியும்படி வாய் சரிந்திருக்கட்டும். இடப்பக்க வயிறு உப்புகிறதா என்று கை வைத்துப் பாருங்கள்.

வேலந்தாவளம்: தையல் முடிந்ததும் தனியே விடலாமா?

கூடாது. 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய நாய் இறப்புகளில் ஏறக்குறைய பாதி அறுவை முடிந்த பிறகே நிகழ்ந்தன. பூனைகளில் அது இன்னும் அதிகம். பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். விழுங்கத் தொடங்கிய பின் குழாயை எடுங்கள். தலையைத் தானே நிமிர்த்தி, நெஞ்சை ஊன்றிப் படுக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். அடுத்த நாயை மேசையில் ஏற்றும் அவசரம் இருந்தால், இதைப் பார்க்க இன்னொருவர் வேண்டும் என்று கேளுங்கள்.