கார் ஆர்வலர்கள் இன்னும் செடானையே விரும்புவது ஏன்?

உயரமான எஸ்யூவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் ஓட்டுவதை ரசிப்பவர்கள், தாழ்வான உடலும் பின்னால் தனி டிக்கியும் கொண்ட செடானைக் கைவிட மறுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மையான காரணம் ஈர்ப்பு மையத்தின் உயரம். எடை தரைக்கு அருகில் இருந்தால் வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வது குறைகிறது. சாய்வை அடக்குவதற்காகவே, சாலையின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை இறுக்கமாக அமைக்கும் கட்டாயம் பொறியாளருக்கு இல்லாமற்போவதால், சொகுசும் கையாளும் துல்லியமும் ஒரே வண்டியில் கூடிவருகின்றன. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது, அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு 4 மடங்காகிறது. ஆகையால் முகப்புப் பரப்பு குறைந்த செடான் நெடுஞ்சாலையில் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. டிக்கி தனி அறையாக இருப்பதால் பின்சக்கர இரைச்சலும் உள்ளே குறைவாகவே கேட்கும்.

தேர்வு என்று வந்தால், எந்தச் சக்கரங்களுக்கு எஞ்சினின் விசை செல்ல வேண்டும் என்பதில்தான் ஆர்வலர்களுக்குள் ஓயாத வாதம். 1975இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற பின்சக்கர இயக்கச் செடான்களில், முன்சக்கரங்களுக்கு வண்டியை இழுக்கும் சுமை இல்லாததால் சாலையின் நிலையை ஸ்டீயரிங் கைகளுக்குத் தெளிவாக உணர்த்தும். முன்சக்கர இயக்கம் எடையும் செலவும் குறைந்தது, உள்ளிடமும் அதிகம். அன்றாடப் பயணத்துக்கு அதுவே போதும் என்பேன். குதிரைத்திறனை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் டயரின் தரத்தை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பு, ஏனெனில் சாலையைத் தொடுவது அது ஒன்றுதான். கரடுமுரடான பாதையில் அடிக்கடி செல்பவருக்கு மட்டும் செடானின் குறைந்த தரை இடைவெளி உண்மையான தடை.