கொழுப்புத் துளி வரவில்லை, ஐஎல்-6 உயரவில்லை: தவறு எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக 3டி3-எல்1 எனும் சுண்டெலிச் செல்களைக் கொழுப்புச் செல்லாக மாற்றுகிறேன். மாற்றும் மருந்துகளோடு சேர்த்தே, அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் விடுகிறேன். துளிகளே உருவாகவில்லை, அழற்சியைக் காட்டும் புரதமான ஐஎல்-6 அளவும் கண்ட்ரோலைத் தாண்டவில்லை. செல் கெட்டுவிட்டதா?

பதில்: செல்லின் மேல் பழி போடுமுன் வரிசையைப் பாருங்கள். டிஎன்எஃப்-ஆல்ஃபா, கொழுப்புச் செல் உருவாக்கத்தை இயக்கும் பிபிஏஆர்-காமா என்ற புரதத்தை அடக்கும். பிபிஏஆர்-காமா இல்லாமல் எந்தச் செல்லும் கொழுப்புச் செல்லாக மாறாது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் மிகுந்திருப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழு 1993-இல் காட்டியது, ஏற்கெனவே கொழுப்பு நிறைந்த திசுவில். உங்கள் கேள்வியும் அதுதான் என்றால் முதலில் கொழுப்பை நிரப்புங்கள், பிறகு டிஎன்எஃப்.

செல்களை 10% கன்றுக்குட்டி சீரத்தில் வளர்த்து, தட்டு 70% நிரம்பியதுமே வேறு தட்டுகளுக்குப் பிரித்துவிடுங்கள். ஒருமுறை நெருக்கியடித்து வளர்ந்த ஸ்டாக் பிறகு சரியாக மாறாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சோதனைத் தட்டில் மட்டும் முழுக்க நிரம்பவிட்டு, மேலும் இரண்டு நாள் காத்திருங்கள். பிறகு 10% எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்) மீடியத்தில், மாற்றும் மருந்துகளான ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், இன்சுலின் மில்லிக்கு 10 மைக்ரோகிராம்: 48 மணி நேரம். அடுத்த 48 மணி நேரம் இன்சுலின் மட்டும். அதன்பின் இரண்டு நாளுக்கொருமுறை, மருந்து சேர்க்காத அதே எஃப்பிஎஸ் மீடியம். 8 முதல் 10 நாளில் துளிகள் மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். கொழுப்பு ஏறிய செல்கள் எளிதில் உரிந்து மிதக்கும். பிப்பெட்டைத் தட்டின் சுவரோரம் வைத்து மெல்ல விடுங்கள்.

ஐஎல்-6 உயராததற்கு டெக்ஸாமெத்தசோன்தான் முதல் சந்தேகம். அது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. உடனிருந்தால் டிஎன்எஃப்பின் குரல் கேட்காது. அதை நிறுத்திக் குறைந்தது நான்கு நாளாவது மீடியம் மாற்றியபின், ஒரு இரவு சீரம் இல்லாமல் 0.5% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) கலந்த மீடியத்தில் வைத்து, மில்லிக்கு 10 நானோகிராம் டிஎன்எஃப் 24 மணி நேரம் கொடுங்கள். கண்ட்ரோலுக்கு டிஎன்எஃப்பைக் கரைத்த அதே திரவம் அதே அளவு போகவேண்டும். இவை சுண்டெலிச் செல்கள். மனித ஐஎல்-6-ஐ அளக்கும் எலிசா கிட் வாங்கியிருந்தால் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

ஜீன் வெளிப்பாட்டை அளக்க க்யூபிசிஆர் செய்தால் ஜிஏபிடிஹெச்சை ஒப்பீட்டு ஜீனாக வைக்காதீர்கள். கொழுப்புச் செல்லில் இன்சுலினே அதை ஏற்றிவிடும். 36பி4 ஜீன் பரவாயில்லை, அதையும் உங்கள் தட்டில் சோதித்துப் பார்த்தபின்.

டிஎன்எஃப்புக்குப் பதிலாக, எல்பிஎஸ் (பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்) கொடுத்துத் தூண்டிய மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்லின் மீடியத்தை ஊற்றும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மிச்சமிருக்கும் எல்பிஎஸ், டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாகக் கொழுப்புச் செல்லை நேரடியாகவே தூண்டும். மேக்ரோஃபேஜ் இல்லாத மீடியத்தில் அதே எல்பிஎஸ் கலந்து, அதே நேரம் இன்குபேட்டரில் வைத்த ஒரு கண்ட்ரோலும் தட்டில் இருக்கட்டும்.